பம்பு ரூமின் கதவு



நினைவுச் சொற்பொழிவில் லாரி இன்ஜினைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் நண்பர்கள் சிலர் தயங்கினார்கள். தயக்கம் நியாயமானதுதான். தலித் இலக்கியம் நம் காயங்களை எழுதியிருக்கிறது. நம் போராட்டங்களை எழுதியிருக்கிறது. நாற்று நட்ட கையையும் மலம் அள்ள வைக்கப்பட்ட கையையும் எழுதியிருக்கிறது. ஸ்பேனர் பிடித்த கையை அது அவ்வளவாக எழுதவில்லை. நம் மீது சுமத்தப்பட்ட தொழில்களைப் பற்றிப் பேசிய அளவுக்கு, நமக்கு மறுக்கப்பட்ட தொழில்களுக்குள் நம்மவர்கள் எப்படி நுழைந்தார்கள் என்று நாம் பேசவில்லை.

சாதி, வேலையை மட்டும் பிரிக்கவில்லை. வேலை செய்கிறவர்களையே மேல் கீழாகப் பிரித்து வைத்தது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இல் விளக்கினார். அதை இன்று ஒரு இயந்திரத்தின் வழியாகப் பார்ப்போம். டீசல் பம்பு எந்தச் சாதிக்கும் குலத்தொழில் அல்ல. எந்தப் புராணமும் அதை யாருக்கும் ஒதுக்கவில்லை. ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் அதைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கியது 1927இல். நம் ஊர்ப் பட்டறைகளுக்குப் பரவலாக வந்தது சுதந்திரத்துக்குப் பிறகு. பிறப்பால் யாருக்கும் சொந்தமில்லாத இந்தத் தொழிலுக்குள் ஒரே தலைமுறையில் சாதி எப்படி வந்து உட்கார்ந்தது? அதை மீறி நாம் எப்படிக் கற்றோம்? இன்றைய பேச்சு இந்த இரண்டு கேள்விகளைப் பற்றியது.

தோலிலிருந்து இரும்புக்கு

கொங்குப் பகுதியிலிருந்து தொடங்குவோம். ஆயில் இன்ஜினும் மின்சார மோட்டாரும் வருவதற்கு முன்னால் அங்கே கிணற்று நீரை மேலே கொண்டுவந்தது கவலை. மாடுகள் இழுக்க, சால் மேலே வரும். சாலின் அடியில் இருக்கும் தோல் தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் பாயும். அந்தத் தோலைப் பதப்படுத்தி, வெட்டி, ஒழுகாமல் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர்கள். தண்ணீர் கசியாத இணைப்பு வேண்டும் என்றால் நம்மவர்களிடம்தான் வர வேண்டியிருந்தது. இன்றைய மொழியில் சொன்னால் அது சீல் வேலை, வாஷர் வேலை. ஆனால் அதை அறிவு என்று யாரும் சொல்லவில்லை. தீட்டு என்று சொன்னார்கள்.

1930களில் பைக்காரா மின்சாரம் வந்தது. ஆயில் இன்ஜின்களும் வந்தன. கவலை மெல்ல மெல்ல நின்றது. தும்பி தைத்தவரின் வேலை போனது. அந்த இடத்தில் வந்து உட்கார்ந்த இயந்திரத்தைப் பழுது பார்க்கும் வேலைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. இயந்திரம் வந்தால் சாதி தானாகப் போய்விடும் என்று நம்புகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பழைய இழிவு அப்படியே இருக்க, பழைய கூலி மட்டும் போனது.

அதற்குப் பின் லாரிகளின் காலம். 1951இல் பெங்களூரில் மைகோ தொடங்கியது. பாஷ் கூட்டுறவோடு டீசல் பம்பும் நாசிலும் இங்கேயே தயாராயின. 1954இல் டாடா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு ஒப்பந்தம் செய்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்தது. எண்ணூரில் 1948இல் அசோக் மோட்டார்ஸ் என்று தொடங்கிய நிறுவனம் 1955இல் அசோக் லேலண்ட் ஆனது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு வட்டாரம் லாரிக்கும் ரிக் வண்டிக்கும் பெயர் பெற்றது. மழை பொய்த்த மேட்டுக்காட்டில் நிலத்தை விற்றோ அடகு வைத்தோ லாரி வாங்கினார்கள். விற்கவும் அடகு வைக்கவும் நிலம் இருந்தவர்கள் வாங்கினார்கள். நம்மவர்கள் அந்த லாரியில் மூட்டை ஏற்றினார்கள், வண்டி கழுவினார்கள், கிளீனராகப் போனார்கள்.

பம்பு என்ன செய்கிறது

மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் தீப்பொறி உண்டு. டீசல் இன்ஜினில் அது கிடையாது. சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி அழுத்திச் சூடாக்கி, சரியான கணத்தில் டீசலைப் பூத்தூறலாகப் பீய்ச்சினால் அது தானே பற்றிக்கொள்ளும். எந்தக் கணம், எவ்வளவு டீசல் என்று தீர்மானிப்பதுதான் பம்பு.

பழைய ஆறு சிலிண்டர் லாரியின் வரிசைப் பம்பில் ஆறு எலிமெண்ட் இருக்கும். ஒவ்வொன்றும் ஒரு குழல், அதற்குள் மேலும் கீழும் போகும் ஒரு தண்டு. தண்டு மேலே ஏறிக் குழலின் துளையை மூடும்போது பீய்ச்சல் தொடங்குகிறது. தண்டின் உடம்பில் சாய்வாக வெட்டிய ஒரு விளிம்பு உண்டு. அது துளையை மறுபடி திறந்ததும் பீய்ச்சல் நிற்கிறது. டிரைவர் ஆக்சிலரேட்டரை மிதித்தால் ராக் எனும் பல்சட்டம் நகர்ந்து ஆறு தண்டுகளையும் ஒன்றாகத் திருப்பும். சாய்வு விளிம்பு துளைக்கு வரும் நேரம் மாறும். டீசலின் அளவு கூடும், குறையும். இன்ஜின் கட்டுமீறி ஓடாமல் கவர்னர் பார்த்துக்கொள்ளும்.

அளவைக் கவனியுங்கள். பாரத்தோடு மேடேறும்போதுகூட ஒரு தடவைக்கு ஒரு நாசில் பீய்ச்சுவது ஏறத்தாழ ஒரு சொட்டு. இன்ஜின் நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடினால் ஒவ்வொரு நாசிலும் நிமிடத்துக்கு 1000 முறை பீய்ச்ச வேண்டும். ஆறும் சேர்ந்து 6000. நாசில் திறக்கும் அழுத்தம் பல பழைய லாரிகளில் 200 பாரை ஒட்டி இருக்கும். அவ்வளவு அழுத்தத்தில் டீசல் கசியாமல் இருக்க, தண்டுக்கும் குழலுக்கும் நடுவே விட்டிருக்கும் இடைவெளி மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் இரண்டு மூன்று பங்குதான். தலைமுடியின் தடிமனோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு. ஒரு குழலின் தண்டை இன்னொரு குழலில் போட முடியாது. ஒரு மணல் துகள் உள்ளே போனால் எலிமெண்ட் காலி.

அதனால்தான் பட்டறையில் பம்புக்குத் தனி அறை. தரை துடைத்திருக்கும். ஜன்னல் மூடியிருக்கும். செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இன்ஜின் கருப்பும் கிரீஸும் அப்பிய உடம்போடு போகக்கூடாது. இது முழுக்க முழுக்க இயந்திரத்தின் தேவை. இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் தோழர்களே, தூசி வரக்கூடாது என்று மூடிய கதவு, ஆள் வரக்கூடாது என்று மூடிய கதவாக மாற இந்த நாட்டில் எவ்வளவு நேரம் ஆகும்? செருப்பை வெளியே விடச் சொல்லும் அறை, சுத்தம் என்ற சொல், உள்ளே ஒருவர், வாசலில் பலர். நம் சமூகத்துக்கு இந்தக் காட்சி ஏற்கெனவே நன்றாகப் பழகியது. அது பட்டறைக்குள்ளும் வந்தது. சுத்தம் என்ற தொழில் விதி தீட்டு என்ற சாதி விதிக்கு நல்ல மறைப்பாக இருந்தது. வெளிப்படையாக யாரும் எதுவும் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வாசலில் நின்ற காலம்

பட்டறையில் தொழில் கற்க ஒரு வரிசை உண்டு. முதலில் பெருக்குவது, டீ வாங்கி வருவது. பிறகு டீசலில் சாமான் கழுவுவது, கிரீஸ் அடிப்பது, டயர் கழற்றுவது. பிறகு ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பது. எண்ணைச் சொன்னதும் கை தானாகப் போய் எடுக்க வேண்டும். அதன் பிறகு பிரேக், கிளட்ச், கியர் பாக்ஸ், இன்ஜின். கடைசியில் பம்பு. சம்பளமும் மரியாதையும் இதே வரிசையில் ஏறும். இன்ஜின் மெக்கானிக்கைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் முதலாளிகூடப் பம்பு மெக்கானிக்கை அண்ணா என்பார்.

வரிசை எல்லோருக்கும் ஒன்றுதான். எந்தப் படியில் ஒருவர் நிறுத்தப்படுவார் என்பதில்தான் சாதி இருந்தது. எங்கள் தலைமுறை 1980களில் பட்டறைகளுக்குப் போனது. நாங்கள் இருந்த ஒரு பட்டறையில் ஆறு வருடம் சாமான் கழுவினோம். முதலாளியின் அக்கா மகன் ஒரு தை மாதம் வந்து சேர்ந்தான். ஆடிக்குள் பம்பு ரூமில் இருந்தான். எங்களிடம் யாரும் கோபப்படவில்லை, திட்டவில்லை. "நீ வெளி வேலையப் பாருடா, அது நுணுக்கம்" என்று மட்டும் சொன்னார்கள். தொழில் ரகசியம் உறவுக்குள் போகும், உறவு சாதிக்குள் நிற்கும். இந்த ஒரு வழியிலேயே, எந்த விதியும் எழுதாமல், குலத்தொழில் இல்லாத தொழில் குலத்தொழில் ஆகிவிடுகிறது.

கதவு திறந்த மூன்று இடங்கள்

பிறகு எப்படிக் கற்றோம்? மூன்று வழிகளில்.

முதல் வழி, நெடுஞ்சாலை. கிளீனராகப் போன நம் பையன்கள் அங்கே கற்றார்கள். நள்ளிரவில், ஊர் பேர் தெரியாத இடத்தில் வண்டி நின்றுவிட்டால் பம்பு ரூம் கிடையாது. டிரைவரும் கிளீனரும்தான். டேங்க் வறண்டு பம்பில் காற்று புகுந்திருந்தால் ஏர் எடுக்க வேண்டும். பில்டரின் மேல் இருக்கும் ஸ்குரூவைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இருந்தால் முதலில் நுரை வரும், பிறகு குமிழி வரும், பிறகு குமிழி இல்லாத டீசல் வரும். அப்போது ஸ்குரூவை இறுக்க வேண்டும். இன்ஜின் உதறினால் எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று கண்டுபிடிக்க, வண்டியை மெதுவாக ஓடவிட்டு நாசிலுக்குப் போகும் பைப் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். நல்ல சிலிண்டரின் நட்டைத் தளர்த்தினால் சத்தம் மாறும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்த சிலிண்டர். திருப்புளியின் முனையை இன்ஜினில் வைத்துப் பிடியைக் காதில் வைத்துக் கேட்கவும் இங்கேதான் கற்றோம். கருப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று போதவில்லை. சூடான பிறகும் வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியாமல் போகிறது, டைமிங் பிந்தியிருக்கலாம். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வண்டி நிற்கும்போது யாரும் சாதி கேட்பதில்லை. ஓடத் தொடங்கி டீக்கடையில் நின்றதும் கேட்டார்கள், தனி டம்ளர் கொடுத்தார்கள். ஆனால் காதுக்குள் போன பாடத்தை யாராலும் திருப்பி வாங்க முடியவில்லை.

இரண்டாவது வழி, அரசு. இதைச் சட்டங்களின் வரலாறாக மட்டும் படித்தால் அதன் உயிர் தெரியாது. அண்ணல் அம்பேத்கர் 1942இல் வைசிராயிடம் கொடுத்த மனுவில் பட்டியல் சாதி மாணவர்களுக்கு அறிவியல், தொழில்நுட்பக் கல்விக்கு உதவித்தொகை கேட்டார். அத்தோடு நிற்கவில்லை. அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி வேண்டும் என்றும் கேட்டார். பட்டம் பெற்றவர், பணிமனை வாசலை மறக்கவில்லை. 1950இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் வந்து ஐடிஐகள் பெருகின. 1961இல் அப்ரண்டிஸ் சட்டம். 1973இல் அதில் செய்த திருத்தம் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பயிற்சி இடங்களை ஒதுக்கியது. தமிழ்நாட்டில் 1971இல் நம் இடஒதுக்கீடு 16லிருந்து 18 விழுக்காடானது. 1972இல் பல்லவன், சேரன், பாண்டியன், சோழன் போக்குவரத்துக் கழகங்கள் உருவாயின. ஒவ்வொரு டெப்போவிலும் டீசல் இன்ஜின், அதற்கு ஆட்கள். முதலாளியின் அக்கா மகன் என்ற தகுதி அங்கே தேர்வுப் பட்டியலில் இல்லை.

ஐடிஐயில் எங்களுக்குக் கிடைத்த பெரிய பொருள், பாதியாக வெட்டி வைத்திருந்த ஒரு பழைய பம்பு. உள்ளே இருப்பதைக் காட்டுவதற்காக வெட்டி, வெட்டிய முகத்தில் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். ஆறு வருடம் மூடிய கதவுக்குப் பின்னால் இருந்தது மேசை மேல் திறந்து கிடந்தது. கைப்பிடியைச் சுற்றினால் தண்டு ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் சுற்றலாம். பொதுக்கல்வி என்றால் என்ன என்று எங்களுக்குப் புரிந்தது அந்தக் கைப்பிடியைச் சுற்றியபோதுதான்.

மூன்றாவது வழி, நம்மைப் போலவே ஓரத்தில் நிறுத்தப்பட்டவர்கள் தந்த கை. டைமிங் வைக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் சிறு நகரம் ஒன்றில் பட்டறை வைத்திருந்த ஒரு பாய். ஊரையும் தெருவையும் கேட்காமல் உள்ளே கூப்பிட்டார். "கைய நல்லா கழுவிட்டு வா தம்பி" என்றார். அவ்வளவுதான் விதி. கை கழுவினால் உள்ளே வரலாம்.

அவர் சொல்லிக்கொடுத்ததை இங்கே பதிவு செய்கிறோம். முதல் சிலிண்டரை அழுத்த நிலையில் உச்சிக்குக் கொண்டுவர வேண்டும். அப்போது ஆறாவது சிலிண்டரின் இரண்டு வால்வுகளும் மாறும் நிலையில் இருக்கும். அதுதான் சாட்சி. அங்கிருந்து இன்ஜினைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்ப வேண்டும். பம்பின் முதல் எலிமெண்டிலிருந்து டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, அந்த வாயில் வளைந்த மெல்லிய குழாயை மாட்ட வேண்டும். டீசல் குழாய் வழியாக ஒழுகிக்கொண்டே இருக்கும். இப்போது இன்ஜினை அது ஓடும் திசையில் மெல்லத் திருப்ப வேண்டும். ஒழுக்கு மெலியும், சொட்டாகும், சொட்டும் நிற்கப் போகும். அந்த இடத்தில்தான் தண்டு துளையை மூடுகிறது, பீய்ச்சல் தொடங்குகிறது. பிளைவீலின் குறி நிறுவனம் சொன்ன டிகிரியில் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். இல்லையென்றால் பம்பு இணைப்பின் போல்ட்டைத் தளர்த்தித் திருத்த வேண்டும். முந்தினால் இன்ஜின் சுத்தியலால் அடிப்பதுபோல் தட்டும். பிந்தினால் இழுவை போகும், புகை வரும், சூடேறும். "அவசரப்படாத. சொட்டு நிக்கிறப்ப மூச்சப் புடிச்சுக்கோ" என்பார் பாய். இன்றும் அந்தச் சொட்டுக்கு முன்னால் எங்கள் மூச்சு நிற்கிறது.

ஆறு கண்ணாடிக் குழாய்கள்

பம்பைக் கழற்றி மாட்டுவது ஒரு பாதி. மறுபாதி காலிபரேஷன். பம்பை டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி மோட்டாரால் சுற்றுவார்கள். ஆறு நாசில்களும் ஆறு கண்ணாடிக் குழாய்களில் பீய்ச்சும். குறித்த எண்ணிக்கை பீய்ச்சல் முடிந்ததும் ஆறு குழாய்களின் மட்டத்தையும் பார்க்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று தாழ்ந்திருந்தால் அந்தந்த எலிமெண்டின் பிடியைத் தளர்த்திச் சிறிது திருப்பி, மறுபடி சுற்றி, மறுபடி பார்க்க வேண்டும். ஒரு சிலிண்டருக்குக் கூடுதலாகவும் இன்னொன்றுக்குக் குறைவாகவும் டீசல் போகிற இன்ஜின் தன்னைத் தானே உதறி உடைத்துக்கொள்ளும். இதில் உவமை தேட வேண்டியதில்லை. பெஞ்சின் முன் நின்ற நம் ஆட்கள் எல்லோருக்கும் அது தானாகத் தோன்றியது.

இந்த பெஞ்ச்தான் கடைசித் தடை. ஸ்பேனர் பெட்டியோடு மரத்தடியில் பட்டறை போட்டுவிடலாம். டெஸ்ட் பெஞ்ச் வாங்க முதல் வேண்டும், வங்கிக்கு ஜாமீன் வேண்டும், நெடுஞ்சாலையை ஒட்டி வாடகைக்கு இடம் வேண்டும். இடம் கேட்கும்போது ஊரையும் தெருவையும் கேட்பார்கள். அதனால்தான் கையில் முழுத் தொழிலும் இருந்தும் நம்மவர்கள் பலர் கடைசிவரை இன்னொருவர் பெயர்ப் பலகைக்குக் கீழே வேலை செய்தார்கள். திறமைக்கும் உடைமைக்கும் நடுவே இருந்த தூரம் பாடத்தால் குறையவில்லை.

அரசுப் பணிமனைக்குள் நுழைந்ததாலும் எல்லாம் முடிந்துவிடவில்லை. 1997ஐ நினைவுபடுத்த வேண்டும். அந்த ஆண்டு மே மாதம் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டது. தலித் வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்கச் சாதியினர் எதிர்த்தார்கள். தென் மாவட்டங்களில் கலவரம் வெடித்தது, உயிர்கள் போயின. சில மாதங்களுக்குள் எல்லாக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை அரசு நீக்கியது. இத்தனை வருடமும் நம் கைகள் டைமிங் வைத்த பேருந்துகளில் அவர்கள் ஏறிக்கொண்டுதான் இருந்தார்கள். இன்ஜினுக்குள் நம் கை இருக்கலாம், நெற்றியில் நம் பெயர் இருக்கக் கூடாது. பம்பு ரூமின் கதவு எவ்வளவு பெரியது என்று அன்று தெரிந்தது.

மீண்டும் ஒரு கதவு

இப்போது அந்தப் பம்பே போய்க்கொண்டிருக்கிறது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் படிப்படியாக இறுகின. 2017 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 4 நாடு முழுவதும் வந்தது. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6. புதிய லாரிகளில் காமன் ரெயில். அதில் பீய்ச்சும் நேரத்தையும் அளவையும் கணினி தீர்மானிக்கிறது. வரிசைப் பம்பு பழைய லாரிகளிலும் பழைய ஜெனரேட்டர்களிலும் ரிக் கம்ப்ரசர்களிலும் இன்னும் கொஞ்ச காலம் ஓடும்.

புகை குறைவதை நாம் எதிர்க்கவில்லை. எதிர்க்கவும் கூடாது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் அறிவித்தது. சைலன்சருக்குப் பின்னால் நின்று புகையின் நிறம் பார்த்தே நோயறிந்தவர்கள் நாங்கள். அதை முதலில் குடித்த நுரையீரல்களும் எங்களுடையவைதான். கூடுதல் இழுவை வேண்டும் என்று முதலாளி கேட்க, சீலை உடைத்து டீசல் அளவைக் கூட்டிக் கொடுத்திருக்கிறோம். அந்தக் கருப்புப் புகையில் எங்கள் பங்கும் உண்டு. அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

நாம் கேட்பது வேறு. காதால் கேட்டுக் கற்ற ஒரு தலைமுறையின் அறிவு அதன் கையோடு முடிந்துவிட வேண்டுமா? புதிய இன்ஜினின் கதவு சாப்ட்வேர். அதைத் திறக்கும் கருவியும் கடவுச்சொல்லும் கம்பெனி ஷோரூமில் இருக்கின்றன. அங்கே பயிற்சிக்கு யார் அனுப்பப்படுகிறார்கள், யார் மறுபடி சாமான் கழுவுகிறார்கள்? தோல் தும்பி போனபோது நாம் கேட்கவில்லை. இப்போது கேட்க வேண்டும். நம் ஊர் ஐடிஐயில் காமன் ரெயில் இன்ஜின் இருக்கிறதா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்பது ஒரு தலித் கோரிக்கைதான். அப்ரண்டிஸ் இடங்கள் ஒதுக்கீட்டின்படி நிரப்பப்படுகின்றனவா என்று கேட்பதும் அப்படியே.

மாணவ நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிறீர்கள். புறவழிச்சாலைப் பட்டறைகளுக்கு ஒரு நோட்டோடு போங்கள். அறுபது வயது தாண்டிய நம் மெக்கானிக்குகள் இன்னும் இருக்கிறார்கள். யாரிடம் கற்றீர்கள், எந்தப் படியில் நிறுத்தினார்கள், எப்படித் தாண்டினீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் சொற்களை அப்படியே எழுதுங்கள். போகும்போது கையைக் கழுவிக்கொண்டு போங்கள். அவர்கள் உள்ளே கூப்பிடுவார்கள்.

ஜெய் பீம்.